அடுத்தவனுக்காக ஒரு மூட்டை

பிரயாணத்துக்கு மூட்டை கட்டுகிற கலையில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. காசிக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்கு அடுத்த ஊருக்குப் போனாலும் சரி, புளியோதரைப் பொட்டலம், கூஜாவில் தண்ணீர், ஊறுகாய் ஜாடி, தலைவலித் தைலம், விரிக்க ஒரு ஜமக்காளம் என்று ஒன்றுவிடாமல் எடுத்துக் கொள்வோம். இந்தச் சாமான்களுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. எல்லாம் நமக்கு உதவுவதற்காகவே நாம் சுமப்பவை. நம் பசிக்குச் சோறு. நம் தாகத்துக்குத் தண்ணீர். நம் மண்டையிடிக்குத் தைலம். மூட்டை என்றால் அப்படித்தானே இருக்கும் என்பீர்கள்.

அப்படி இல்லாத மூட்டை ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. சுமக்கிறவனுக்கு ஆபத்து வரும் வேளையில் அதில் உள்ளவற்றை அவன் தொடக்கூட முடியாது. அது பக்கத்தில் வருகிறவனுடைய உயிருக்காகக் கட்டப்படுவது.

ஆல்ப்ஸ் மலையிலும், அமெரிக்காவின் ராக்கி மலையிலும், நம் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் பனிக்காலத்தில் ஒரு கூட்டம் கிளம்புகிறது. காலில் ஸ்கீ கட்டைகளையோ, ஸ்னோ போர்டு என்ற ஒற்றைப் பலகையையோ மாட்டிக் கொண்டு பனியில் வழுக்கி இறங்குவது இவர்களுக்கு ஆனந்தம். அதற்கென்றே சீர்செய்து, காவல் போட்டு வைத்திருக்கும் சரிவுகள் உண்டு. இவர்களுக்கு அவை போதா. யாரும் கால் வைக்காத புதுப் பனியைத் தேடி மலையின் மறுபுறத்துக்குப் போகிறார்கள். அங்கே காவல்காரன் கிடையாது. பனிச்சரிவு உண்டு.

மலையில் விழும் பனி, மழையைப் போல ஓடிவிடுவதில்லை. ஒவ்வொரு முறை பெய்வதும் முன்பு பெய்ததன்மேல் அடுக்கடுக்காகப் படிகிறது. சில அடுக்குகள் இறுகிப் பலகைபோல் ஆகின்றன. சில அடுக்குகள் சர்க்கரையைப் போல உதிரியாகவே நிற்கின்றன. உதிரி அடுக்கின் மேல் பலகை அடுக்கு உட்கார்ந்திருக்கும்போது, பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். அதன்மேல் ஒரு மனிதன் பாரம் பட்டதும் அடியிலிருப்பது நொறுங்க, மேலிருப்பது விண்டு கொண்டு முழுச் சரிவாகப் புறப்படுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே இதற்கு வாகானவை. சறுக்கி விளையாடவும் அவையே வாகானவை என்பதுதான் சங்கடம். அகப்பட்டுக் கொள்கிறவர்களில் பெரும்பாலோரைத் தள்ளிய பனி, அவர்களோ அவர்கள் கூட்டத்தில் ஒருவரோ கிளப்பிவிட்டதுதான்.

ஓடும்போது வெள்ளம்போல் இருக்கும் அந்தப் பனி, நின்ற மாத்திரத்தில் சிமெண்டுபோல் இறுகிவிடும். உள்ளே இருப்பவன் சுண்டுவிரலை அசைக்க முடியாது. குளிரால் சாவதற்கு வெகு நேரம் ஆகும்; அதற்கு முன்பே அவன் விடும் மூச்சு முகத்துக்கு முன்னால் பனியை ஈரமாக்கி, உறைந்து, கவசம்போல் மூடிக் கொள்கிறது. காற்று தீர்ந்து போகிறது.

இந்த ஆபத்துக்கு மனிதன் கண்டுபிடித்த முதல் உபகரணத்தைப் பற்றி 2,000 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஸ்ட்ராபோ என்ற கிரேக்க பூகோள ஆசிரியர். ஆர்மீனியா நாட்டு மலைகளைப் பற்றிச் சொல்லும்போது, கணவாய்களைக் கடக்கும் பிரயாணிகளைப் பனி விழுங்கிவிடுவது உண்டென்றும், அதற்காக அவர்கள் கையில் நீண்ட கழிகளை எடுத்துச் செல்வார்களென்றும் எழுதுகிறார். பனிக்குள் அகப்பட்டவன் கழியை மேலே நீட்டுவானாம். அந்த வழியாக மூச்சு விட்டுக் கொள்ளலாம். அந்த வழியாக வருகிறவர்களுக்கு, "இங்கே ஒருவன் இருக்கிறேன்" என்று தெரிவிக்கவும் செய்யலாம்.

கழி நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு குறை. யாராவது அந்த வழியாக வர வேண்டும். வந்தவர் மண்டியிட்டுத் தோண்ட வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதுதான் அதற்குப் பின் வந்த சரித்திரம் முழுவதும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, சுவிட்ஜர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேட் செயிண்ட் பெர்னார்ட் கணவாயில் அந்தப் பொறுப்பைச் சந்நியாசிகள் ஏற்றுக் கொண்டார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பெர்னார்ட் என்ற துறவி நிறுவிய சத்திரம் அங்கே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மடத்தில் பெரிய நாய்களையும் வளர்த்தார்கள். பனிக்குள் கிடப்பவனை மோப்பம் பிடிக்க நாயின் மூக்குக்கு நிகர் அன்று வேறொன்றும் இல்லை. 1800-இல் பிறந்த பாரி என்ற நாய் 40 பேர் வரையில் காப்பாற்றியது என்று சொல்கிறார்கள். 41-ஆவது மனிதன் அதை ஓநாய் என்று நினைத்துக் கொன்றுவிட்டான் என்று கண்ணீர் வரவழைக்கும் கதையும் உண்டு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. பாரி 1812-இல் பெர்ன் நகரத்துக்கு ஓய்வு பெற்றுப் போய், 1814-இல் வயதாகிச் செத்தது. அதன் பாடம் பண்ணிய உடலை இன்றும் அங்கே பொருட்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த நாய்களின் கழுத்தில் சின்னப் பீப்பாய் தொங்க, அதில் பிராந்தி இருப்பதாகப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதைத் தொங்கவிட்டவர் எட்வின் லாண்ட்சீர் என்ற ஆங்கிலேய ஓவியர். 1820-இல், இருபது வயசுகூட நிரம்பாத பிள்ளையாக இருந்தபோது, தாம் வரைந்த சித்திரத்தில் அழகுக்காகச் சேர்த்தார். பனியில் விறைத்தவனுக்கு மது கொடுத்தால் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடம்பில் மிச்சமிருக்கும் உஷ்ணமும் வெளியேறும். அந்தப் பீப்பாய் வெறும் சித்திரத்தோடு நின்றது நல்லதுதான்.

நாயாகட்டும் சந்நியாசியாகட்டும், சத்திரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர வேண்டும். மலையேறுகிறவர்களும் சறுக்குகிறவர்களும் பெருகிய 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெளியாரை எதிர்பாராத ஒரு தந்திரம் தோன்றியது. சிவப்புக் கயிறு. இடுப்பில் கட்டிப் பின்னால் பல மீட்டர் நீளம் இழுபட விட்டுக் கொண்டே போவார்கள். மனிதன் புதைந்தாலும் மெல்லிய கயிறு பனிக்குமேல் மிதக்கும் என்பது எண்ணம். கயிற்றின் எந்த முனையில் ஆள் இருக்கிறான் என்று காட்ட, இடையிடையே அம்புக்குறி பொறித்த தகட்டுத் துண்டுகளையும் கோத்திருந்தார்கள். கயிறு தெரிந்த இடத்தில் பிழைத்தவர்கள் உண்டு. பல சமயம் கயிறும் ஆளோடு சேர்ந்து அடியில் போய்விட்டது.

அந்தக் காலத்தில்தான் முதல் உலக யுத்தம் வந்தது. இத்தாலியச் சேனையும் ஆஸ்திரியச் சேனையும் பனிமலை உச்சிகளில் முகாம் அடித்துச் சண்டை போட்டன. மர்மொலாடா மலையடியில் ஆஸ்திரியப் படைவீடு ஒன்று இருந்தது. பனி அபாயமாகச் சேர்ந்து கொண்டிருக்கிறது, இடத்தை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த காப்டன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். உத்தரவு கிடைக்கவில்லை. 1916-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி விடிவதற்கு முன் மலை சரிந்தது. தூக்கத்தில் இருந்தவர்களில் 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு பனியைப் படிக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. 1936-இல் சுவிட்ஜர்லாந்தில் டாவோஸ் நகருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில், சில விஞ்ஞானிகள் பனியை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1951-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் கிராமங்களின் மேல் சரிவுகள் வரிசையாக இறங்கி 250-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றபோது, அந்த ஆராய்ச்சியின் அவசியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனாலும் புதைந்தவனைத் தேடும் முறை பழையபடிதான். ஊருக்கு ஆள் ஓட வேண்டும். இருபது முப்பது பேர் வரிசையாக நின்று நீளக் கம்பிகளால் அடிக்கொரு தரம் பனியைக் குத்திக் கொண்டு முன்னேற வேண்டும். அப்படித் தேடிக் கண்டவற்றில் அநேகம் பிரேதங்கள். அதன் காரணத்தை 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எண்களில் காட்டியது. சுவிட்ஜர்லாந்தில் 1981-லிருந்து 1991 வரை பனிச்சரிவில் புதைந்த 422 பேருடைய விவரங்களை அலசிப் பார்த்தார்கள். 15 நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 92 பேர் பிழைத்திருந்தார்கள். 35 நிமிஷம் ஆனதும் அது 30 ஆக விழுந்துவிட்டது. 2024-இல் வந்த மற்றொரு சுவிட்ஜர்லாந்து ஆராய்ச்சி, நல்ல நம்பிக்கை உள்ள நேரம் பத்தே நிமிஷம்தான் என்று இன்னும் குறுக்கிவிட்டது.

பத்து நிமிஷத்தில் யார் வர முடியும்? போலீஸ் வர முடியாது. ஹெலிகாப்டர் கிளம்பவே அதற்குமேல் ஆகும். பாரியும் வர முடியாது. ஏற்கெனவே அங்கே இருப்பவன்தான் வர முடியும். ஸ்ட்ராபோ சொன்ன அந்த வழிப்போக்கன், கூட வந்த தோழனாகவே இருந்தாக வேண்டும்.

எண்கள் அச்சில் வருவதற்கு வெகு முன்பே இதை மலைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது தோழனுக்கு ஒரு வழிகாட்டிதான். அதை 1968-இல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஆராய்ச்சிசாலை ஒன்றில் வேலை பார்த்த ஜான் லாட்டன் என்ற எஞ்சினியர் செய்து கொடுத்தார். 'ஸ்காடி' என்று அதற்குப் பெயர். வடதேசத்துப் புராணத்தில் பனிமலையில் ஸ்கீ கட்டி வேட்டையாடும் தெய்வத்தின் பெயர் அது. கையடக்கமான பெட்டி, விட்டு விட்டு ஓர் அலையை அனுப்பிக் கொண்டே இருக்கும். எல்லோரும் ஆளுக்கு ஒன்று உடம்பில் கட்டிக் கொண்டு, எல்லாம் அலை அனுப்பும்படி வைத்துக் கொள்வார்கள். ஒருவன் புதைந்ததும் மற்றவர்கள் விசையைத் திருப்பிக் கேட்பவர்களாக மாறுவார்கள். காதில் கேட்கும் ஓசை பெரிதாகப் பெரிதாக, ஆள் அருகில் இருக்கிறான் என்று அர்த்தம். இப்போது இந்தக் கருவிக்குப் பீக்கன் என்று பொதுப் பெயர்.

இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காக்காரர்களின் பெட்டி ஓர் அலைவரிசையில் பேச, ஐரோப்பாவில் செய்த பெட்டிகள் வேறோர் அலைவரிசையில் பேசின. ஒருவன் பனிக்கடியிலிருந்து கூப்பிட, இன்னொருவன் மேலே நின்று கொண்டு அந்தக் குரல் கேளாத செவிடாக நிற்கும் நிலைமை. பல வருஷ வாதத்துக்குப் பிறகு, 1990-களின் மத்தியில் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்கு வந்து சேர்ந்தது. 1997-இல் காதை நம்ப வேண்டிய அவசியமும் குறைந்தது. திசையை அம்பாகவும் தூரத்தை எண்ணாகவும் காட்டும் பீக்கன் கடைக்கு வந்தது.

ஆனால் பீக்கன், ஆள் எந்தப் பக்கத்தில் என்றுதான் சொல்லும், தொட்டுக் காட்டாது. அதற்காக இரண்டாவது பொருள் துழாவுகோல். கூடாரக் கம்புபோல் துண்டு துண்டாக மடிந்திருக்கும். ஓர் உதறு உதறிக் கயிற்றை இழுத்தால் இரண்டரை, மூன்று மீட்டர் நீளமுள்ள கம்பியாக நிற்கும். பீக்கன் காட்டும் மிகக் குறைந்த எண்ணிலிருந்து சுற்றிச் சுற்றிக் குத்திக் கொண்டு வர வேண்டும். மெத்தென்று தட்டிய இடத்தில் கோலை எடுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது பொருள் ஷவல். கொத்தனார்கள் ஜல்லி அள்ளுகிறார்களே, அதே ஜாதி. பிடியைக் கழற்றிப் பையில் வைக்கலாம். இதைப் பலர் அலட்சியமாக நினைத்தார்கள். கையால் தோண்டிக் கொள்ளலாம், ஸ்கீ கட்டையால் கிளறிக் கொள்ளலாம் என்று இருந்தார்கள். இறுகிய பனியில் ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒருவனை வெளியே எடுக்க ஏறக்குறைய ஒரு டன் பனியை அப்புறப்படுத்த வேண்டும். பீக்கனால் இரண்டு மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு, கையால் தோண்டிக் கொண்டிருக்கும்போதே தோழன் போய்விட்ட சம்பவங்களுக்குப் பிறகுதான் ஷவலுக்கு மரியாதை வந்தது. பிளாஸ்டிக் ஷவல் பனிக்கட்டியில் பட்டு உடைகிறது. உலோகமாக இருக்க வேண்டும். ஆளின் தலைக்கு நேர் மேலே நின்று தோண்டக் கூடாது; அவன் மூச்சுவிட இருக்கும் சின்ன இடமும் மிதிபட்டுப் போகும். சரிவின் கீழ்ப்புறத்திலிருந்து குடைந்து கொண்டு போக வேண்டும்.

இனி மூட்டையை மறுபடி பாருங்கள். என் துழாவுகோலும் என் ஷவலும் நான் புதைந்தால் என்னோடு புதைந்துவிடும். என் பீக்கன் எனக்கு ஒன்றும் சொல்லாது, உங்களுக்குத்தான் சொல்லும். நான் ஷவல் கொண்டுவர மறந்தால் அபாயம் எனக்கல்ல, உங்களுக்கு. ஆகையால்தான் இவர்கள் மலையடிவாரத்தில் ஒருவர் மூட்டையை மற்றவர் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒருவன் ஓரமாக நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போவார்கள்; அவர்கள் பீக்கன் பேசுகிறதா என்று அவன் கேட்டுக் கொள்வான். இதில் யாரும் கோபித்துக் கொள்வதில்லை.

கட்டும் முறையிலும் கணக்கு உண்டு. பீக்கனைப் பையில் வைப்பதில்லை. பையைப் பனி பிய்த்துக் கொண்டு போய்விடலாம். மேற்சட்டைக்கு உள்ளே உடம்போடு வார்போட்டுக் கட்டுகிறார்கள். கைத்தொலைபேசி அதன் அருகில் இருந்தால் அலை குழம்பும் என்பதால் ஒரு சாண் தூரமாவது தள்ளி வைக்கிறார்கள். கோலும் ஷவலும் வெளியே தொங்கக் கூடாது. அவற்றுக்கென்று தனி அறை. சாப்பாட்டு டப்பாவும் கம்பளிச் சட்டையும் அவற்றின்மேல் வரக் கூடாது. நடுங்கும் கையோடு ஒருவன் திறக்கும்போது முதலில் கைக்கு அகப்பட வேண்டியவை அவையே.

சுமக்கிறவனுக்கே உதவும் பொருள் ஒன்றும் பின்னால் வந்து சேர்ந்தது. 1970-களில் பவேரியாவில் காட்டிலாகாக்காரர் ஒருவர், வேட்டையாடிய மிருகத்தை முதுகில் சுமந்து வரும்போது பனிச்சரிவில் சிக்கினார். ஆனால் புதையாமல் மேலேயே மிதந்தார். முறத்தில் போட்டுக் குலுக்கினால் பெரிய உருப்படி மேலே வருகிறதல்லவா? அதே நியாயம். இதைப் பிடித்துக் கொண்டு பீட்டர் அஷாவர் என்ற ஜெர்மானியர், இழுத்தால் உப்பும் காற்றுப்பை வைத்த முதுகுப்பையை 1985-இல் வெளியிட்டார். பெரிய விபத்துகளில் அகப்பட்டவர்களில் 100-க்கு 22 பேர் மாண்ட இடத்தில், உப்பிய பை உள்ளவர்களில் 11 பேரே மாண்டார்கள் என்று 2014-இல் ஒரு கணக்கு வந்தது. அதே கணக்கு இன்னொன்றும் சொல்லியது. பை வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது உப்பவே இல்லை. பெரும்பாலும் அவர் பிடியை இழுக்காததே காரணம். மரத்திலோ பாறையிலோ மோதினால் எந்தப் பையும் உதவாது.

இவ்வளவும் இருந்தால் பயமில்லை என்று நினைப்பது மனித சுபாவம். குடை இருக்கிறதென்று மழையில் இறங்குகிற மாதிரி. கிரேய்க் கெல்லி என்பவர் ஸ்னோ போர்டில் உலக சாம்பியனாக இருந்தவர். பந்தயங்களை விட்டுவிட்டு மலைவழிகாட்டியாகப் பயின்று கொண்டிருந்தார். 2003-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி கனடாவில் ரெவல்ஸ்டோக் பக்கத்து மலையில் வழிகாட்டியோடு, அனுபவசாலிகளோடு ஏறிக் கொண்டிருந்தபோது சரிவு வந்தது. அவரோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். அவருக்கு வயது 36. பனிக்கு யார் சாம்பியன் என்று தெரியாது.

ஆகையால் இப்போது கற்றுக் கொடுக்கிறவர்கள் மூட்டையைப் பற்றிப் பேசுமுன் வேறொன்றைப் பேசுகிறார்கள். 1993-லிருந்து ஐரோப்பாவில் ஒன்று முதல் ஐந்து வரை அபாயப் படி வைத்துத் தினமும் அறிக்கை விடுகிறார்கள். அதைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும். சரிவில் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே போக வேண்டும். மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் திரும்பிவிட வேண்டும். திரும்பிவிடுகிற தைரியத்துக்குப் பையில் இடம் தேவையில்லை. அதனால்தான் மறந்துவிடுகிறார்கள் போலும்.

இதெல்லாம் குளிர் நாட்டார் விளையாட்டு, நமக்கென்ன என்று தோன்றலாம். 2016-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரக் காவல் முகாமின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிச் சீமைகளில் பிறந்து, ஊரில் ஆலங்கட்டி மழையைத் தவிர வேறு பனிக்கட்டி விழக் கண்டிராதவர்கள். அவர்கள் விளையாடப் போகவில்லை. போ என்றார்கள், போனார்கள். 25, 30 அடி ஆழத்துக்கு எந்தத் துழாவுகோலும் எட்டாது. நாய்களும், ராடார் கருவிகளும், பனியை அறுக்கும் யந்திரங்களும், அந்த உயரத்தில் மூச்சு வாங்கத் தோண்டிய சக சிப்பாய்களும் ஆறு நாள் தேடினார்கள். கர்நாடகத்து வீரர் ஹனுமந்தப்பா உயிரோடு அகப்பட்டார். டில்லி ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 11-ஆம் தேதி அவரும் காலமானார்.

அந்தத் தோண்டியவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மறுநாளே நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் தோண்டினார்கள். கருவிகள் வரும், மாறும். இந்த மூட்டையில் இன்னும் எத்தனையோ சேரும். ஆர்மீனிய மலையில் கழியை நீட்டியவன் எதை நம்பி நீட்டினானோ, அதையே நம்பித்தான் இன்றைக்கும் ஒருவன் பீக்கனைக் கட்டிக் கொண்டு பனியில் இறங்குகிறான். மேலே ஒருவன் இருப்பான், ஓடிப் போகமாட்டான், தோண்டுவான்.